அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு

அந்தத் தடுப்பு மருந்து ஆலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே அவளுக்கு அச்சக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் எழுதிய பக்கத்தைப் பார்த்தவர்கள், கையால் எழுதியதா அச்சில் வந்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. பேரன் எடுத்த காவலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் சொந்தப் பெயரே அவளுக்கு மறந்த மாதிரி ஆகிவிட்டது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

வேலை குளிரறையில். கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், இரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துக் கைக்குழந்தைகளுக்குப் போடுகிற முத்தடுப்பு ஊசி மருந்து அந்த ஆலையில்தான் தயாரானது. குப்பியில் அடைத்து, பெட்டியில் அடுக்கி, நாடு முழுக்கப் போகும் முன் அந்தக் குளிரறையில் காத்திருக்கும். குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. கீழே போய் உறைந்தாலும் மருந்து வீண், மேலே ஏறிச் சூடானாலும் வீண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் உள்ளே போய் நான்கு சுவரிலும் மாட்டியிருக்கும் வெப்பமானிகளைப் பார்த்துக் குறிக்க வேண்டியது அவள் பொறுப்பு.

அவள் குறித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். பின்னால் வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

குளிரறையில் ஐந்து நிமிடம் நின்றால் விரல் மரத்துவிடும். பேனாவில் மை இறங்காது. அதனால் உள்ளே போகும்போது, மிச்சமான லேபிள் தாள் ஒன்றையும் கட்டைப் பென்சில் ஒன்றையும் எடுத்துப் போவாள். நடுங்கிக்கொண்டே எழுதுவது கோழிக் கிறுக்கலாக இருக்கும். மாலை நான்கு மணிக்குக் கை கால் கழுவி, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, அந்தக் கிறுக்கலைப் பார்த்துப் பதிவேட்டுத் தாளில் நீல மையால் எழுதுவாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி இருக்கும். நடுவில் ஒரு எழுத்துப் பிசகினாலும் அந்தத் தாளையே தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். பிறகு கிறுக்கல் தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போடுவாள். மாதக் கடைசியில் தாள்களைத் தைத்து அட்டை போடுவார்கள்.

அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவர் அப்படித்தான் செய்தார். குப்பி கழுவும் பிரிவிலும் மருந்து அடைக்கும் பிரிவிலும் அப்படித்தான். மேலிடத்தார் படிக்கிற பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் வேலைமேல் இருந்த மரியாதை. அதற்காக எண்ணை மாற்றி எழுதுகிறவள் இல்லை அச்சக்கா. ஒன்பது என்று காட்டினால் ஒன்பது என்றே எழுதுவாள், எழுதும் முன்பே மேலாளரின் அறைக்கு மூச்சிரைக்க ஓடியிருப்பாள். ஒரு முறை பட்டப்பகலில் குளிர் இயந்திரம் நின்றுபோனது. அவளும் ஆறு பேரும் ஐஸ் பெட்டிகளை இழுத்து வந்து ஒன்பதாயிரம் குப்பிகளையும் மாற்றி அடுக்கினார்கள். அவளுடைய கட்டை விரல் நகம் பெயர்ந்தது. ஒரு குப்பி கெடவில்லை. அன்றைய பதிவேட்டுப் பக்கமும் வழக்கம்போலத் துளி அழுக்கில்லாமல் இருந்தது.

மேலாளர் வெளியார் யார் வந்தாலும் அவளுடைய பதிவேட்டைத்தான் எடுத்துக் காட்டுவார். “எங்க அச்சக்கா எழுதினது. இத்தனை வருஷத்துல ஒரு அடித்தல் திருத்தல் காட்டுங்க பாப்போம்,” என்று சவால் விடுவார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, தன்னைவிடப் பதினான்கு வயது இளைய தம்பியை அவள்தான் ஆளாக்கினாள். தனக்குக் கல்யாணம் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டியவர்களும் எடுக்கவில்லை. வீட்டில் தம்பி, ஆலையில் அந்தப் பதிவேடு. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஆய்வுக் குழு ஒன்று வெளிநாட்டிலிருந்து வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர்கள் சான்று கொடுத்தால்தான் ஆலை மருந்தைத் தொடர்ந்து விற்கலாம், பக்கத்து நாடுகளுக்கும் அனுப்பலாம். உடனே ஆலை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். மருந்து அடைக்கும் அறையின் காற்று வடிகட்டியை மாற்றச் சொல்லி ஆறு வருடமாக அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆனால் வாசலில் பூந்தொட்டி வைக்க மட்டும் ஒரே நாளில் உத்தரவு வந்தது.

வந்தவர்களில் ஒரு பெண் ஆய்வாளர், நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பதிவேடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் புரட்டினார். பிறகு எழுதியவரைக் கூப்பிடச் சொன்னார். அச்சக்கா போய் நின்றாள். கூட ஒரு மொழிபெயர்ப்பாளன்.

“இருபத்திரெண்டு வருஷப் பதிவேட்டையும் பாத்துட்டாங்களாம். ஒரு அடித்தல்கூட இல்ல. எல்லாப் பக்கமும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சுல எழுதின மாதிரி இருக்காம். எப்படின்னு கேக்குறாங்க,” என்றான் அவன்.

அச்சக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை தூரம் கடந்து வந்த ஒருத்தி தன் கையெழுத்தைக் கவனித்துக் கேட்கிறாளே!

“உள்ளே நிக்கும்போது பென்சில்ல குறிச்சுக்குவேன் சார். சாயந்திரம் உக்காந்து அத பாத்து அழகா எழுதிடுவேன். தப்பு வந்தா அந்தத் தாளையே எடுத்துட்டுப் புதுசா எழுதுவேன்.”

“பென்சில்ல குறிச்ச தாளெல்லாம் எங்கேன்னு கேக்குறாங்க.”

“அதெல்லாம் அன்னன்னைக்கே கிழிச்சுப் போட்டுடுவேன். குப்பை சேர விடமாட்டேன்.”

பக்கத்தில் நின்ற மேலாளர், பேசாதே என்று கண்ணைக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளன் அந்த வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் சொன்னான். ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. பரிதாபம் என்று பின்னால்தான் அவளுக்கு விளங்கியது.

பிறகு அந்த அம்மாள் ஒரு தாளை இழுத்து ஆறு என்று எழுதினார். அதன் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தார். பக்கத்தில் ஐந்து என்று எழுதி, பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் போட்டார்.

“தப்பா எழுதிட்டா இப்படித்தான் திருத்தணுமாம். பழசு கண்ணுக்குத் தெரியணுமாம். தப்பு வரலாம், தப்பே வராத மாதிரி காட்டக் கூடாதுங்குறாங்க,” என்றான் மொழிபெயர்ப்பாளன்.

அச்சக்கா பணிவாகத் தலையாட்டினாள். பார்க்க எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

அறிக்கையில் முப்பத்தொரு குறைகள் இருந்தன. காற்று வடிகட்டி இருந்தது, விரிசல் விட்ட சுவர் இருந்தது. ஆனால் செய்தித்தாள்களுக்கு ஒன்றுதான் இனித்தது: மூலப் பதிவுகளை நாள்தோறும் அழித்த தடுப்பு மருந்து ஆலை. ஆய்வாளர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கிழித்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதைச் சரிசெய்ய என்ன வேண்டியிருந்தது? குளிரறையில் தாளை வைத்து எழுத ஒரு பலகை, அதில் கயிற்றால் கட்டிய, குளிரிலும் எழுதுகிற ஒரு பேனா, எல்லோருக்கும் ஒரு மாதப் பயிற்சி. இதைச் செய்ய மனம் இருந்தவர்கள் கையில் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் ஆலையைத் தலைமுழுகச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது என்றார்கள். வெளிநாட்டிலிருந்து மருந்து வாங்க நாற்பதே நாளில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆலையின் கழிப்பறைக் குழாயை மாற்ற ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்ட அதே அலுவலகம்தான் அது.

பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே. “கடைநிலை ஊழியர் ஒருவரின் அலட்சியம்” என்று அமைச்சகம் அறிக்கை விட்டது. சவால் விட்ட மேலாளருக்கு வேறு துறையில் நாற்காலி கிடைத்தது. இருநூற்றெண்பது பேர் வேலை இழந்தார்கள். கூட வேலை பார்த்தவள் ஒருத்தி நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள்: “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா அச்சக்கா?” அச்சக்கா வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். பள்ளிக்கூடங்களுக்குப் போய் சான்றிதழ்களில் மாணவர் பெயர் எழுதிக் கொடுக்கும் வேலையைத் தேடிக்கொண்டாள். கையெழுத்து சோறு போட்டது, அவளால் அதை வெறுக்கக்கூட முடியவில்லை.

தம்பி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஆலை மூடிய இரண்டாம் வருடம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அச்சக்கா அத்தை ஆனாள். சிரிக்க மறந்திருந்தவள், அந்தக் குழந்தை கொட்டாவி விட்டால்கூடச் சிரித்தாள். ஆறாவது வாரம் முதல் ஊசி போட வேண்டும். தேதியைக் கேலண்டரில் வட்டம் போட்டு வைத்தது அவள்தான்.

அன்று தம்பி மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ள, அச்சக்கா குடை பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். மருந்து இல்லை என்றார்கள். மருந்து விற்ற நாட்டில் நோய் தலைதூக்கியதால், அவர்கள் ஏற்றுமதியை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். தன் பிள்ளைக்குப் போகத்தானே அடுத்தவன் பிள்ளைக்குக் கொடுப்பான், அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இரண்டாம் முறையும் இல்லை. தனியார் மருத்துவமனைகளிலும் விசாரித்தார்கள், அங்கேயும் அதே பதில். மூன்றாம் முறை நர்ஸ், “பாப்பாவோட தடுப்பூசி அட்டைய இங்கேயே வச்சுட்டுப் போங்கக்கா. மருந்து வந்ததும் நானே கூப்பிடுறேன்,” என்றாள். ஒன்பதாயிரம் குப்பிகளை நகம் பெயரத் தூக்கியவள் ஒரே ஒரு குப்பி கிடைக்காமல் வெயிலில் திரும்பி நடந்தாள்.

மூன்றரை மாதத்தில் குழந்தைக்கு இருமல் வந்தது. இரண்டு நாளில் இருமி இருமி முகம் சிவந்து பால் குடிக்க முடியாமல் போனது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தம்பி மனைவி குழந்தையோடு உள்ளே கட்டிலில் இருந்தாள். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். டாக்டர் மேஜைக்கு முன்னால் அச்சக்கா நின்றாள்.

“முத்தடுப்பு ஊசி போட்டிருக்கா?”

“இல்ல டாக்டர். மருந்தே வரலன்னு சொல்லிட்டாங்க.”

டாக்டர் சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு நிமிர்ந்தார். “அங்க பதிவேட்டுல போட்டாச்சுன்னு இருக்கேம்மா. போன மாசம் பதினேழாம் தேதி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

அந்த இடத்தில் அவள் ‘இல்லை, போடவே இல்லை’ என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. பதினேழாம் தேதி பகல் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து சான்றிதழ் எழுதியது நினைவுக்கு வந்தது. தான் இல்லாத நேரத்தில் தம்பி மனைவி கூட்டிப் போயிருப்பாளோ? சொல்ல மறந்திருப்பாளோ? பதிவேட்டில் இருக்கிறது என்கிறாரே! இருபத்திரண்டு வருடம் பதிவேட்டை நம்பிப் பிழைத்தவளுக்கு, தன் நினைவைவிட அடுத்தவர் எழுதிய ஒரு வரி பெரிதாகப் பட்டது.

“அப்ப போட்டிருப்பாங்க டாக்டர்,” என்றாள்.

“அப்போ கக்குவானா இருக்க வாய்ப்பு கம்மி. சாதாரண சளிதான். ரெண்டு நாள் பாக்கலாம்.”

உடனே தம்பி மனைவியிடம் கேட்டிருக்கலாம். அவள் கட்டிலருகே அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில், ஊசி போட்டதைக்கூட ஏன் சொல்லவில்லை என்று விசாரிப்பது குற்றம் சாட்டுவது போலாகுமே என்று அச்சக்கா தள்ளிப்போட்டாள். நல்ல மனசுதான். மூன்றாம் நாள் காலை குழந்தை இருமி முடித்துவிட்டு மூச்சை எடுக்காமல் நீலமாகிக் கிடந்தபோதுதான் கேட்டாள்.

“போன மாசம் பதினேழாம் தேதி பாப்பாவ நீ ஊசிக்குக் கூட்டிட்டுப் போனியா?”

“பதினேழா? இல்லையே அண்ணி. உங்ககூட மூணு தடவை போனதோட சரி. ஏன் கேக்குறீங்க?”

அச்சக்கா தாழ்வாரத்தில் ஓடினாள். டாக்டரின் முகம் மாறியது. மருந்தை மாற்றினார்கள், குழாய் பொருத்தினார்கள். “ரெண்டு நாளைக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா,” என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார். ஐந்தாம் நாள் குழந்தை போய்விட்டது.

டாக்டரிடம் தான் சொன்னதை அவள் தம்பியிடம் மறைக்கவில்லை. அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அக்கா பரிமாறினால் சாப்பிடாமல் எழுந்து போகிறான்.

இறப்பைப் பதிவு செய்யத் தடுப்பூசி அட்டை வேண்டும் என்றார்கள். பதினோராம் நாள் அவள்தான் போனாள், வேறு யார் போவார்கள்? சுகாதார நிலையத்தில் கூட்டமில்லை. நர்ஸ் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“அந்தப் பதிவேட்டக் காட்டு,” என்றாள் அச்சக்கா.

நர்ஸ் மறுக்கவில்லை. போன மாதப் பக்கத்தில் நாற்பத்திரண்டு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஊசி போடப்பட்டது’. ஒரே பேனா. ஒரே சாய்வு. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. நரைத்த தலை ஆய்வாளர் அன்று அச்சக்காவின் பதிவேட்டில் பார்த்தது எது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே உட்காரலில் எழுதியதை அவளைவிட நன்றாக அடையாளம் காண யாரால் முடியும்?

“ஒரு குப்பிகூட வரல. எப்படி எழுதின?”

“மேலேருந்து நெருக்கடிக்கா. நூத்துக்குத் தொண்ணூறு பிள்ளைக்குப் போட்டதா காட்டலேன்னா விளக்கம் கேக்குறாங்க. மருந்து இல்லன்னு எழுத இதுல இடமே கிடையாது. எப்படியும் வந்துடும், வந்ததும் கூப்பிட்டுப் போட்டுடலாம்னுதான் எழுதினேன். வராதுன்னு நான் கண்டேனா?” நர்ஸ் மேஜையில் இருந்த தொலைபேசியைக் காட்டினாள். “டாக்டர் கேட்டப்ப ஃபோன் எடுத்தது என் உதவியாள், அக்கா. நோட்டுல இருந்தத படிச்சிருக்கா. நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

சொல்லியிருப்பாளோ மாட்டாளோ. அச்சக்கா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தம்பி மகளின் பெயருக்கு எதிரே இருந்த எழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தாள். பழையது தெரிந்தது. பக்கத்தில், ‘ஊசி போடவில்லை, மருந்து இருப்பில் இல்லை’ என்று எழுதி, முதலெழுத்தையும் தேதியையும் போட்டாள். வாழ்நாளில் அவள் செய்த முதல் திருத்தம் அது. எழுத்து, குளிரறைக்குள் நின்று எழுதின மாதிரி கிறுக்கலாக வந்தது.

நர்ஸ் தடுக்கவில்லை. களைத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நீங்க அடிச்சாலும் ஒண்ணும் ஆகப்போறதில்லக்கா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் புது நோட்டுல அழகா எழுதித்தான் மேல அனுப்புவோம். அடித்தல் திருத்தல் இருந்தா வாங்க மாட்டாங்க.”

“அப்ப இந்த நோட்டு?”

“கிழிச்சுப் போட்டுடுவோம். வச்சிருந்தா குப்பைதானே சேரும்?”

ஆலையை மூடிய அன்றும், குழந்தையைப் புதைத்த அன்றும் அச்சக்காவுக்கு வராத அழுகை, அந்த முட்டாள் நோட்டின் மேல் குனிந்தபோது வந்தது. அழுதுகொண்டே பையிலிருந்த வெற்றுச் சான்றிதழ் ஒன்றைத் திருப்பி வைத்து, மற்ற நாற்பத்தொரு பெயர்களையும் தெருவோடு, வீட்டு எண்ணோடு எழுத ஆரம்பித்தாள்.

“அவங்ககிட்ட போய்ச் சொல்லி என்னக்கா ஆகப்போகுது? மருந்துதான் இல்லையே,” என்றாள் நர்ஸ்.

“இருமல்னு தூக்கிட்டு ஓடும்போது டாக்டர் கேப்பாரு. போடலன்னு சொல்லத் தெரியணும்.”

ஏழாவது பெயரில் ஒரு எழுத்துப் பிசகியது. அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்திலேயே சரியாக எழுதினாள். தாளை மாற்றவில்லை.